பதினேழாவது கேலக்ஸிக்கு நாங்கள் போட்ட எண்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நாலு வார்த்தை எழுதலாம். நல்ல வார்த்தைக்கு நான் எங்கே போக? முப்பது வருடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, புதுக்கோட்டை வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் நான். என்னிடம் ஊக்கம் கேட்பது உப்பளத்தில் போய்க் குடிதண்ணீர் கேட்பது மாதிரி. ஆனாலும் எழுதுகிறேன். ஒரே ஒரு சம்பவம்தான், நான் செய்தது. படித்துவிட்டு உங்களில் யாராவது வேறு வேலைக்குப் போகலாம் என்று நினைத்தால் நான் தடுக்க மாட்டேன்.

வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்களும் படிப்பீர்கள் என்பதால், நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். கேலக்ஸிகள் தனியாகவும் இருக்கின்றன, நூற்றுக்கணக்கில் கொத்தாகவும் இருக்கின்றன. கொத்துக்குள் இருப்பவற்றில் ஆகப் பெரியவற்றை எடுத்துக்கொண்டு, அவை ஒரு வருடத்துக்கு எத்தனை சூரியன் எடைக்குப் புதிய விண்மீன்களைப் பிறப்பிக்கின்றன என்று அளப்போம். பிறப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. புது விண்மீன்கள் தூசுக்குள் பிறக்கின்றன. அவற்றின் சூட்டில் தூசு சூடேறி அகச்சிவப்பில் ஒளிரும். அந்த ஒளியை அளந்து, உள்ளே எவ்வளவு பிறக்கிறது என்று கணக்குப் போடுவோம். தொலைநோக்கி எங்கேயோ இருக்கும், படம் இணையத்தில் வரும். ராத்திரி கண்விழித்து வானத்தைப் பார்க்கிற பாக்கியமெல்லாம் எங்களுக்கு இல்லை. காலை பத்து மணிக்கு ஆய்வகத்தைத் திறந்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டுகிற வேலை.

பெரும்பாலும் நாங்கள் எழுதியது பூஜ்யத்தை ஒட்டிய எண்கள். கொத்துக்குள் இருக்கும் பெரிய கேலக்ஸிகளில் அநேகம் எப்போதோ ஓய்ந்துபோனவை. பழைய விண்மீன்கள் இருக்கும், புதிதாக ஒன்றும் பிறக்காது. இங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தால் ஆளுக்கு ஒரு பசி வந்துவிடுகிறது, உயிரோடு ஒன்றாவது கிடைக்காதா என்று. நான் செய்ததற்கு அந்தப் பசிதான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். காரணம் என் பெயர்மேல் எனக்கிருந்த ஆசை.

எங்கள் குழு ஐந்து ஊர்களில் சிதறிக் கிடந்தது. தலைவர் பெங்களூரில் இருந்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு கேலக்ஸியையும் இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டாவது ஆள் தன் எண்ணைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழுப்புக் கவரில் வைத்து ஒட்டிவிட வேண்டும். குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும்தான் கவரைப் பிரிக்கலாம். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையுமே அட்டவணையில் போட்டு, ஏன் என்று தெரியவில்லை என அடியில் எழுதிவிட வேண்டும். மின்னஞ்சல் காலத்தில் இதென்ன மொய்க் கவர் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு தடவை அவர் பத்து வருடமாகச் சொல்லிவந்த ஓர் எண்ணை ஒரு மாணவனின் கவர் பாதியாக்கிவிட்டது. அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "ரெண்டையும் போடு" என்றார். பிறகு காபி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். ஒரு காபிக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், அந்த மாணவனிடம் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்பது எனக்கு என் முறை வந்தபோதுதான் தெரிந்தது. எனக்குக் காபி குடிக்கப் போகத் தோன்றவில்லை.

இனி ரோஸ்லின். பெயர் அதுவல்ல. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். குழுவில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடுமே என்றதற்கு, "தெரியட்டும் சார்" என்றாள். தூத்துக்குடிக் கடற்கரையில் திரேஸ்புரத்துப் பெண். அவள் அப்பா கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவர். முனைவர் பட்டத்துக்கு ஆள் எடுக்கும் நேர்காணலில், வானியலில் என்ன ஆர்வம் என்று கேட்டோம். மற்றவர்கள் எல்லாரும் பிரபஞ்சத்தின் ரகசியம் என்று ஆரம்பித்தார்கள். இவள், "பெருசா ஒண்ணும் இல்ல சார். படத்த குடுத்தா பாத்து, என்ன இருக்கோ அத சொல்லுவேன்" என்றாள். உடனே எடுத்துக்கொண்டேன்.

சேர்ந்த இரண்டாவது வாரமே என் வகுப்பில் கையைத் தூக்கினாள். பலகையில் நான் காட்டியிருந்த வரைபடத்தைக் காட்டி, "சார், மூலத்துல இருந்த மூணு புள்ளி இங்கன இல்ல. நீங்க எடுத்துட்டீங்களா, அதுவா போயிட்டா?" என்றாள். நான்தான் எடுத்திருந்தேன். தகுந்த காரணத்தோடுதான். காரணத்தைச் சொன்னேன், அவளும் எழுதிக்கொண்டாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இப்படி ஒரு பிள்ளை கிடைத்ததே என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

பதினேழு என்பது எங்கள் பட்டியலில் பதினேழாவதாக இருந்த ஒரு பெரிய கேலக்ஸி, தன் கொத்தின் நட்டநடுவில் இருந்தது. ரோஸ்லின் வருவதற்கு நாலு வருடம் முன்னால், பழைய மங்கலான படத்தை வைத்து அதை நான் அளந்திருந்தேன். வருடத்துக்கு நூற்று இருபது சூரியன். அக்கம்பக்கம் எல்லாம் ஓய்ந்து கிடக்க இது மட்டும் இந்தப் போடு போடுகிறதே என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மூன்று மாநாடுகளில் பேசினேன். தூத்துக்குடியிலிருந்து ரயிலேறிப் போன கல்லூரி வாத்தியாரை இடைவேளையில் தேடி வந்து கைகொடுத்தார்கள். ஒருதடவை அந்தக் கைகொடுப்புக்குப் பழகிவிட்டால் அதை விடுவது லேசில்லை.

பிறகு வெளிநாட்டில் ஒரு புதிய, மிகக் கூர்மையான தொலைநோக்கி வந்தது. அதில் பதினேழைப் பார்க்க நேரம் கேட்டு விண்ணப்பம் போடுவதென்று முடிவானது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். விண்ணப்பத்தில் இரண்டு பேர் அளந்த எண்ணும் இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் ரோஸ்லின், அந்தப் பழைய அகச்சிவப்புப் படத்தோடு கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் எடுத்த சாதாரணப் படங்களையும் வைத்து அளந்தாள். வியாழக்கிழமை குழுக் கூட்டத்தில் கவரைப் பிரிப்பதாக இருந்தது. அவள் செவ்வாய்க்கிழமையே கவரை ஒட்டி என் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

நான் பிரித்தேன்.

உள்ளே நான்கு என்று எழுதியிருந்தது. நூற்று இருபதுக்குப் பதில் நான்கு. என் எண் அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். தெரிந்தும் நான்கு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவள்மேல் மரியாதை வருகிறது. அன்றைக்கு வந்தது கோபம்தான்.

அவள் சாப்பிட்டுவிட்டு வந்ததும் கூப்பிட்டேன். மேசையில் பிரித்த கவர் கிடந்ததை அவள் பார்த்தாள்.

"ஏளா, என்ன இது? நாலா?"

"ஆமா சார். பக்கத்துல சின்னதா ஒரு புள்ளி கெடக்குல்லா, வெளிச்சம் பூரா அதுலருந்துதான் வருது. அது இந்தக் கொத்துலயே இல்ல சார், ரொம்பப் பின்னால இருக்கிற வேற கேலக்ஸி. பழைய படத்துல ரெண்டும் ஒண்ணாத் தெரியுது."

"அந்தப் புள்ளி சாதாரணப் படத்துல கண்ணுக்கே தெரியல. அதுக்கு இவ்வளவு வெளிச்சம் எங்கருந்து வரும்?"

"தூசு நெறைய இருந்தா அப்படித்தான சார். சாதாரணப் படத்துல மங்கலாத் தெரியும், அகச்சிவப்புல பளிச்சுன்னு இருக்கும். கரையில நின்னு பாத்தா நம்ம வள்ளத்து விளக்கும் பின்னால நங்கூரம் போட்ட கப்பல் விளக்கும் ஒண்ணாத் தெரியும்லா, அது மாதிரி."

அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். சத்தியமாகத் தெரியாது. ஆனால் சரியாக இருக்கலாம் என்பது தெரிந்தது. இருக்கலாம் என்று தெரிந்த அந்த இடத்தில்தான் நான் அவளிடம், "இன்னொரு தடவ பாரு" என்றேன். அந்தப் புள்ளி வெறும் இரைச்சலாக, கருவி தானாகப் போட்ட பொய்ப் புள்ளியாக இருக்கலாம், அதை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பதினேழின் கணக்கிலேயே வைத்து அளந்து பார் என்றேன். நியாயமான யோசனைதான். எந்தப் புத்தகத்திலும் தப்பு என்று போட்டிருக்காது.

புதன்கிழமை காலை நாற்பது என்று கொண்டுவந்தாள். தூசின் வெப்பநிலையைக் குறைவாக வைத்துவிட்டாய், அதைக் கொஞ்சம் ஏற்றிப் பார், அளக்கிற வட்டத்தையும் கொஞ்சம் பெரிதாக எடு என்றேன். அதுவும் நியாயமான யோசனைதான். புதன் சாயங்காலம் அவள் புறப்படும்போது, "நாளைக்கு நான் வர முடியாது சார். அப்பாக்குக் காதுல ஆபரேசன். நம்பர கவர்ல போட்டுக் குடுத்து விடுதேன்" என்றாள். போய்வா என்றேன். வியாழக்கிழமை காலையில் அவள் தம்பி கவரைக் கொண்டுவந்து கொடுத்தான். இந்த முறை நான் பிரிக்கவில்லை, ரொம்ப யோக்கியமாகக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பிரித்தேன். நூற்றுப் பதினெட்டு. பெங்களூரிலிருந்து திரையில் தலைவர், "இவ்வளவு நெருக்கமா ரெண்டு நம்பர் நம்ம பட்டியல்லயே வந்ததில்ல" என்றார். முதல் கவர் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பட்டியலில் இன்னும் முப்பது கேலக்ஸிகள் இருந்தன. அவற்றில் என் எண்ணும் அவள் எண்ணும் ஒத்துப்போயிருந்தன. அதில் ஒன்றையாவது நான் இன்னொரு தடவை அளக்கச் சொன்னேனா? சொல்லவில்லை. பிடிக்காத எண்ணை மட்டும் திரும்பத் திரும்ப அளந்தால் கடைசியில் நமக்குப் பிடித்த எண் கட்டாயம் வரும். அளக்கிற கருவியில் கோளாறு இருக்க வேண்டியதில்லை, கணக்கில் பிழை இருக்க வேண்டியதில்லை. நம் தொழிலில் ஆட்கள் மோசம் போவது இப்படித்தான். யாரும் எண்ணைத் திருடுவதில்லை, 'இன்னொரு தடவ பாரு' என்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அவள் வந்ததும் பாராட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "இனிமே திருப்பி எடுக்கச் சொல்ல மாட்டீங்கள்லா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

தொலைநோக்கி நேரம் கிடைத்தது. இதற்கிடையில் பட்டியலை வைத்துக் கட்டுரை எழுதி வெளியிட்டோம். முதல் பெயராக ரோஸ்லின் பெயரைப் போட்டேன். பெருந்தன்மை என்று நானே நினைத்துக்கொண்டேன், மற்றவர்களும் சொன்னார்கள். அந்தக் கட்டுரையைப் பார்த்து வடக்கே ஓர் ஆய்வு நிறுவனம் அவளுக்கு இரண்டு வருட வேலை தருவதாக எழுதியது. அவள் வீட்டில் முதல் தடவையாக ஒருவர் கடலையும் உப்பையும் விட்டு வேறு வேலைக்குப் போகப்போகிறார். அவள் அம்மா கோயிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு பெட்டி மக்ரூன் அனுப்பிவைத்தார்.

எட்டு மாதம் கழித்துப் புதிய தொலைநோக்கியின் படம் வந்தது. நான் விண்ணப்பம் போட்டு, நான் கெஞ்சி வாங்கிய நேரத்தில் எடுத்த படம். பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். பக்கத்தில், அவள் சொன்ன புள்ளி இருந்த இடத்தில், பளீரென்று ஒன்று நின்றது. பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் வேறு கேலக்ஸி. பதினேழு எப்போதோ ஓய்ந்துபோயிருந்தது, மற்றவற்றைப் போலவே.

காலை பதினோரு மணிக்குக் குழுக் கூட்டம். நானும் ரோஸ்லினும் என் அறையில் ஒரே கணினிக்கு முன்னால் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். தலைவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிதானமாகக் கேட்டார்.

"உங்க பழைய நம்பர் மங்கலான படத்துல எடுத்தது, அது புரியுது. ரெண்டாவது அளவுல அந்தப் புள்ளியத் தனியாப் பிரிச்சிருக்கணுமே. எப்படி விட்டுப்போச்சு?"

"ரெண்டாவது அளவு ரோஸ்லினோடது" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் விடவில்லை.

"முதல்ல வேற நம்பர் ஏதாவது வந்ததா? கவர் மாத்தினீங்களா?"

நெருக்கடியில் யோசிக்க நேரம் இருக்காது என்பார்கள். நம்பாதீர்கள். எனக்கு நேரம் இருந்தது. இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் கவரை எடுத்துக் காட்டியிருக்கலாம். ஒரு முழு மூச்சு இழுத்து விட்டேன். பிறகு, "இல்ல" என்றேன்.

பக்கத்தில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, "என் தப்புதான் சார்" என்றாள். எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நன்றியாகக்கூட இருந்தது எனக்கு. எவ்வளவு கேவலம் பாருங்கள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். வடக்கே இருந்த நிறுவனம் அவள் வேலையை நிறுத்திவைத்து, விளக்கம் கேட்டு எழுதியது. அவள் என்னிடம் வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை.

"சார், அடுத்த மாசம் பதினஞ்சு வரைக்கும் பாப்பாங்களாம். ஒரு லெட்டர் குடுங்க. நான் மொதல்ல என்ன அளந்தேன்னு மட்டும் எழுதுனாப் போதும். வேற ஒண்ணும் எழுத வேண்டாம்."

"திங்கக்கிழம வாம்மா."

எழுத உட்கார்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன், உட்கார்ந்தேன். 'சில காரணங்களால் எண் மறுபரிசீலனை செய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதினேன். செய்தது யார் என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் கிழித்துப்போட்டேன். அந்த மாதம்தான் துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. அது முடியட்டும், அப்புறம் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த திங்கள் வரச் சொன்னேன். மூன்றாவது திங்கள் அவள் வராந்தாவில் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பின்பக்கம் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன். வெளியே அவள் யாரிடமோ, "சார் இல்லையா?" என்று கேட்பது கேட்டது. ஐம்பத்தைந்து வயது மனிதன், கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினைந்தாம் தேதி போயிற்று. வேலை போயிற்று. நான் துறைத் தலைவர் ஆனேன்.

அவள் மிச்சமிருந்த ஆய்வை முடித்துப் பட்டம் வாங்கினாள். எங்கே விண்ணப்பித்தாலும் அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு விண்ணப்பிப்பதை நிறுத்திவிட்டாள். ஊரிலேயே ஓர் உப்புக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஐந்து வருடம் நான் எழுதவில்லை. ஓய்வு பெற்ற அடுத்த வாரம் எழுதினேன். இழக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகு வந்த துணிச்சலுக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் முழுதாக எழுதினேன். கவரைப் பிரித்தது, இன்னொரு தடவை பார் என்றது, கூட்டத்தில் இல்லை என்றது, எல்லாமே. 'மூன்று முறையும் அவர் நேர்மையாகவே அளந்தார், எண் மாறியதற்கு முழுக் காரணமும் நான் கொடுத்த அழுத்தமே' என்று முடித்து, முதல் கவரின் நகலோடு தலைவருக்கு அனுப்பினேன்.

அவர் பதிலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளைப் பற்றி மட்டும் எழுதியிருந்தார். தன்னிடம் இரண்டு வருடத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, நேர்மையாக அளக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம், அவளை உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார். அதைப் படித்து நான் அழுதேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து திரேஸ்புரம் போனேன். வீட்டில் அவள் அப்பா இருந்தார். வாசலில் வலைப்பையில் கழுவிய சங்குகள் காய்ந்துகொண்டிருந்தன.

"வாங்க சார், இரிங்க. இந்தப் பக்கமா இருந்து பேசுங்க, எடது காது சுத்தமாக் கேக்காது. பிள்ள கோயில்லருந்து வந்துட்டிருக்கா." வலைப்பையிலிருந்து ஒரு சங்கை எடுத்துத் துடைத்தார். பிறகு சொன்னார். "ஒங்க வேல எனக்குப் புரியாது சார். எங்க வேலைல, அடியில என்ன கெடக்குன்னு முங்குனவனுக்குத்தான் தெரியும். படகுல இருக்கவன் அவன் சொல்லத நம்புவான். பிள்ள ஏழு வருசம் ஒங்ககிட்ட முங்குனா. நீங்க ஏன் சார் நம்பல?"

ரோஸ்லின் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். விரல்களில் உப்புக்கு வெடித்த தோல். நான் தலைவரின் கடிதத்தைக் கொடுத்தேன். என் கடிதத்தின் நகலையும் கொடுத்தேன். தலைவருடையதைச் சீக்கிரம் படித்துவிட்டாள். என்னுடையதில் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

"மூணு தடவையும் நான் நேர்மையா அளந்தேன்னு எழுதிருக்கீங்க."

"ஆமாம்மா."

"யார்ட்ட கேட்டு எழுதுனீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"மூணாவது தடவ நான் அளக்கல சார். அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தேன். கம்ப்யூட்டரையே தொறக்கல. ஒங்களுக்கு எது வேணும்னு ரெண்டாவது தடவையே தெரிஞ்சிட்டு. நூத்திருபதுன்னே போட்டா சந்தேகம் வரும்னு நூத்திப் பதினெட்டுன்னு எழுதிக் குடுத்து விட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்தில் அவள் 'என் தப்புதான் சார்' என்று சொன்னது எனக்காக இல்லை. படத்தைக் கொடுத்தால் இருப்பதைச் சொல்வேன் என்று வந்த பிள்ளை, இரண்டே நாளில் படத்தைப் பார்க்காமலே எண் எழுதுகிறவளாக ஆகியிருந்தாள். ஆக்கியது நான். ஐந்து வருடம் அவள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அதற்கப்புறமாவது எனக்குப் புத்தி வந்ததா? வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்.

"அத விடும்மா. யாருக்கும் தெரியாது. எடம் காத்துட்டிருக்கு. நீ விண்ணப்பத்த மட்டும் போடு."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக என்னால் சொல்ல முடியவில்லை. சலிப்புதான்.

"திருத்தி எழுதி அனுப்புங்க சார்."

"எழுதுனா இந்த எடமும் போயிரும்ளா."

"போயிரும். தெரியும். மொத தடவ நாலு. ரெண்டாவது நாப்பது. மூணாவது அளக்கல. இந்த ஒரு தடவையாச்சும் நான் சொன்னத மாத்தாம அனுப்புங்க."

அவள் அப்பா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எழுதினேன். அவள் சொன்ன அதே மூன்று வரி, கூட்டாமல் குறைக்காமல். அழுத்தம், சூழ்நிலை என்று சேர்க்கக் கை துறுதுறுத்தது, சேர்க்கவில்லை. நாலு நாள் கழித்துத் தலைவரிடமிருந்து பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அளக்காமல் எண் எழுதிய ஒருவரை யார் எடுப்பார்கள்?

நான் அனுப்பியதையும் அவர் பதிலையும் சேர்த்து அவளுக்கு அனுப்பிவைத்தேன். சாயங்காலம் வேலை முடிந்த நேரத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது. 'தேங்க்ஸ் சார்' என்று மட்டும் இருந்தது. அவளுக்குக் கிடைத்த கடைசி இடத்தையும் இல்லாமல் ஆக்கிய அந்தக் கடிதம் ஒன்றுக்குத்தான் அவள் எனக்கு நன்றி சொன்னாள்.